புற்றும் பூங்காவும்

நுழையும் முன்

பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். அதைப் பிடித்துப் போத்தலில் அடைத்துக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதும், வெளிநாட்டுப் பாம்பை விலைக்கு வாங்கிப் பெட்டியில் வளர்ப்பதும் அண்மைக்காலத்தில் தோன்றிய வழக்கங்கள். அடிப்பவருக்கும் அடைப்பவருக்கும் பாம்பின் தேவை இன்னதென்று தெரிவதில்லை. ஒரு பாம்புக்கு வீடு அமைத்துத் தர முனைந்தவர்கள் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அவர்கள் கற்ற பாடத்திற்கும் நம் கரிசல் நிலத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கரிசலின் வெடிப்பில்

கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருபெரும் எழுத்தாளர்கள் 1923ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்பதால் தமிழ் இலக்கிய உலகம் இவ்வூரை அறியும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் புஞ்சைகள் இவ்வூரைச் சூழ்ந்து கிடக்கின்றன.

சித்திரை மாதத்தில் இப்புஞ்சைகளின் வழியே நடந்து பார்த்தால், நிலம் பாளம் பாளமாக வெடித்திருப்பதைக் காணலாம். கரிசல் மண் களித்தன்மை மிக்கது. மழைநீரை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது உண்டாகும் வெடிப்புகளுள் கை நுழையும் அகலமுடையவையும் உண்டு. மேலே நிற்பவருக்கு அது வறட்சியின் அடையாளம். கீழே வாழும் உயிர்களுக்கோ அது வீட்டின் வாயில். வெளியே உச்சி வெயில் கொதிக்கும்போதும், வெடிப்பின் ஆழத்தில் நிழலும் சிறிது ஈரமும் எஞ்சியிருக்கும். எலியும் தேளும் ஓணானும் அங்கே ஒதுங்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

பாம்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும், கரிசலில் வாழும் பாம்புகளுள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வகை இடத்தையே நாடுகிறது. நல்ல பாம்பு எலிவளையிலும் கறையான் புற்றிலும் தங்கும். சாரை வயற்பொழிகளிலும் சோளத்தட்டைப் படப்பு அருகிலும் எலி தேடி அலையும். கண்ணாடி விரியன் புல் மண்டிய வேலியோரத்தில் அசையாமல் படுத்துக் கிடக்கும். சுருட்டை விரியன் வறண்ட நிலத்துக் கற்களின் அடியில் ஒடுங்கும். கட்டுவிரியன் பகலெல்லாம் பொந்துக்குள் இருந்துவிட்டு இரவில் வெளிவரும். மண்ணுளிப் பாம்போ பொலபொலத்த மண்ணுக்குள்ளேயே புதைந்து வாழும்.

‘கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல’ என்பது பழமொழி. பிறர் உழைப்பில் வாழ்பவரைக் குறைகூறவே இதைப் பயன்படுத்துகிறோம். ஆனால், பாம்பு ஏன் புற்றைத் தேடிச் செல்கிறது என்று கேட்டால் விடை வியப்பளிக்கும். கறையான் கட்டிய புற்றின் உட்புறத்தில் வெப்பமும் ஈரப்பதமும் வெளியுலகைப் போலச் சட்டென மாறுவதில்லை. கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே சீரான நிலை அங்கே இருக்கிறது. கையும் காலும் இல்லாத பாம்பினால் இத்தகைய வீட்டைக் கட்ட இயலாது. கட்டியதைக் கண்டுபிடிக்க இயலும். இந்தத் தேர்ந்தெடுக்கும் திறமே அதன் வாழ்வைக் காக்கிறது.

இந்தத் திறத்தைப் பயன்படுத்த வழியில்லாத ஓரிடத்தில் பாம்பை அடைத்தால் என்ன ஆகும்? உயிரியல் பூங்காக்கள் மிக மெதுவாகவே விடை கண்ட வினா இது.

படுக்கைக்கு அடியில் இருந்து பூங்காவுக்கு

அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் பயின்ற நாள்களில் மலைப்பாம்பு ஒன்றை வளர்த்து, அதைத் தம் படுக்கைக்கு அடியில் வைத்திருந்தவர் அவர். பின்னர் அமெரிக்காவில் மயாமி நகரத்துப் பாம்புப் பண்ணையில், பில் ஹாஸ்ட் என்னும் நச்சுப்பாம்பு வல்லுநரிடம் பணியாற்றினார். அறுபதுகளின் இறுதியில் இந்தியா திரும்பினார்.

1969ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சேலையூரில் அவர் ஒரு சிறு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். பாம்பு என்றால் பாம்பாட்டியின் கூடை மட்டுமே மக்கள் நினைவுக்கு வந்த காலம் அது. 1972ஆம் ஆண்டில் பாம்புகள் சேலையூரிலிருந்து கிண்டிக்குக் குடிபெயர்ந்தன. வனத்துறைக்குரிய மரநிழல் சூழ்ந்த நிலத்தில், இந்தியாவின் முதல் பாம்புப் பண்ணை இவ்வாறு நிலைபெற்றது. கூடையில் சுருண்டு கிடக்கும் பாம்பையே பார்த்திருந்த மக்கள், மரக்கிளையில் படர்ந்தும், கல்லிடுக்கில் ஒதுங்கியும், தன் போக்கில் ஊர்ந்தும் வாழும் பாம்பை அங்கே கண்டனர். மகுடி இல்லை; மந்திரம் இல்லை. பாம்பைப் பற்றிய அச்சத்திற்கு மாற்றாக அறிவைத் தரும் இடமாக அது வளர்ந்தது.

ஒரு மாணவனின் படுக்கைக்கு அடியிலிருந்து நகரத்துப் பூங்காவுக்கு நீண்ட இந்தப் பயணம் ஒருவருடைய வாழ்க்கைக் கதை மட்டுமன்று. விலங்குகளை நாம் வைத்துக்கொள்ளும் முறையே அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1855ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை விலங்குக்காட்சிச் சாலை, நெடுங்காலம் மூர் சந்தையை அடுத்த நெரிசலான பகுதியில் இயங்கியது. 1985ஆம் ஆண்டில் அது வண்டலூர்க் காட்டுப் பகுதியில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகப் புதுவடிவம் பெற்றது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 600 எக்டேர். கம்பிக் கூண்டுகளுக்கு மாறாக, அகழியும் மரங்களும் கொண்ட திறந்த அடைப்புகளில் விலங்குகள் வாழும் முறை அங்கே கையாளப்பட்டது. ‘விலங்குக்காட்சிச் சாலை’ என்னும் சொல் மெல்ல மறைந்து, ‘உயிரியல் பூங்கா’ என்னும் சொல் வழக்கிற்கு வந்ததே இம்மாற்றத்தின் சான்று எனலாம். முதற்சொல்லில் காட்சி முன்னிற்கிறது. அடுத்த சொல்லில் உயிர் முன்னிற்கிறது.

பெரிய இடமா? ஏற்ற இடமா?

யானைக்கும் புலிக்கும் பரந்த இடம் வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்றனர். பாம்புக்கு மட்டும் சிறு பெட்டி போதும் என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. ‘பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது, அதற்கு எதற்கு இடம்?’ என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

சுருண்டு கிடப்பது அதன் விருப்பமா, வேறு வழியின்மையா? பிரித்தானிய உயிரியலாளர் கிளிஃபோர்ட் வார்விக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வினாவை நேராக அணுகியது. அடைப்புகளில் வாழும் பாம்புகளை ஒரு மணி நேரம் பொறுமையாக நோக்கியபோது, மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலான பாம்புகள் அந்த ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே உடலை நேராகவோ ஏறத்தாழ நேராகவோ நீட்டின. பாம்பு தன் உடலை முழுநீளத்திற்கு நீட்டும் இயல்புடையது என்பது இதனால் உறுதிப்பட்டது. ஆறடிச் சாரையை மூன்றடிப் பெட்டியில் வைத்தால், அது வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட நேராகப் படுக்க இயலாது.

அப்படியானால் பெரிய அறையில் விட்டால் போதுமா? போதாது. வெறுமையான பெரிய அறை, பாம்புக்குச் சிறு பெட்டியைவிடக் கொடியது. எலியை வேட்டையாடும் பாம்பைக் கீரியும் பருந்தும் மயிலும் வேட்டையாடுகின்றன. ஆதலால் மறைவில்லாத திறந்தவெளியில் அது ஓயாத அச்சத்தில் இருக்கும். உண்ண மறுக்கும், சுவரோரமாகவே ஊர்ந்து ஊர்ந்து மூக்கை உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். எனவே, இடத்தின் பரப்பைவிட அந்த இடத்துக்குள் பாம்பு எதைத் தேர்ந்துகொள்ள முடிகிறது என்பதே முதன்மையானது. அதன் உடலமைப்பை அறிந்தால் இது தெளிவாகும்.

உடலே இலக்கணம்

முதலாவது வெப்பம். நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு தன் வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறுகிறது. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். சூடேறினால் நிழலுக்குப் போகும். இரை விழுங்கிய பின் அதைச் செரிக்கவும் வெப்பம் வேண்டும். போதிய வெப்பம் கிடைக்காவிட்டால் இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்; பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே, நன்கு அமைக்கப்பட்ட அடைப்பின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை தண்மையாகவும் இருக்கும். அறை முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைப்பது, கரிசல் காட்டில் நிழலே இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது மறைவு. மறைவிடம் ஒன்று மட்டும் இருந்தால், பாம்பு அச்சத்திற்கும் வெப்பத்திற்கும் இடையே தவிக்க நேரும். மறைவிடம் தண்மையான பக்கத்தில் இருந்தால், செரிமானத்திற்கு வெயில் வேண்டியபோதும் அது வெளிவர அஞ்சும். வெதுவெதுப்பான பக்கத்தில் ஒன்றும் தண்மையான பக்கத்தில் ஒன்றுமாக, குறைந்தது இரண்டு மறைவிடங்கள் அமைப்பதற்குக் காரணம் இதுவே. மறைவிடம் உடலை ஒட்டிப் பிடிக்கும் அளவுக்குக் குறுகியதாக இருத்தல் நன்று. நாற்புறமும் உடல் உரசினால்தான் பாம்பு தன்னைப் பாதுகாப்பாக உணரும்.

மூன்றாவது ஈரப்பதம். பாம்பு வளரும்போதும் தோல் தேயும்போதும் சட்டை உரிக்கிறது. காற்று மிகவும் உலர்ந்திருந்தால் சட்டை முழுமையாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழல வேண்டும். அது கழலாவிட்டால் பார்வை கெடும். அதே வேளையில், வறண்ட நிலத்துச் சுருட்டை விரியனை ஈரம் மிகுந்த அறையில் வைத்தால் தோல் நோய் வரும். ஒரு பாம்பின் அமுதம் மற்றொன்றுக்கு நஞ்சு.

நான்காவது தரையும் உயரமும். மண்ணுளிக்குப் புதைய மண் வேண்டும். பச்சைப்பாம்புக்குக் கிளை வேண்டும். 2014ஆம் ஆண்டில் இலங்கையின் தெகிவளை விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து திருவனந்தபுரம் உயிரியல் பூங்காவுக்கு ஏழு பச்சை அனகொண்டாக்கள் வந்தன. தென்னமெரிக்கச் சதுப்பு நிலங்களைத் தாயகமாகக் கொண்ட அப்பாம்புகளுக்கு உடல் முழுவதும் மூழ்கும் நீர்த்தொட்டி இன்றியமையாதது. கரிசலின் சுருட்டை விரியனுக்கோ ஒரு கிண்ணத்து நீர் போதும். பாம்பு எந்நிலத்தைச் சேர்ந்ததோ அந்நிலத்தின் முதற்பொருளையும் கருப்பொருளையும் அடைப்புக்குள் கொண்டுவருவதே பூங்கா அமைப்பவரின் பணி. ஐந்திணை பயின்ற நமக்கு இக்கருத்து புதியதன்று.

தெரிந்து தெளிவோம்

அரவு, பணி, பாந்தள், மாசுணம், உரகம் எனப் பாம்புக்குத் தமிழில் பெயர்கள் பல. அவற்றுள் ‘கட்செவி’ என்பது, கண்ணையே செவியாக உடையது என்னும் பொருள் தருவது. பாம்புக்குப் புறச்செவி இல்லை என்பதைக் கூர்ந்து நோக்கிய முன்னோர் இப்பெயரை இட்டனர். தரையின் அதிர்வைப் பாம்பு தன் தாடை எலும்பின் வழியே உணர்கிறது. காற்றில் வரும் ஒலிக்கும் பாம்புகள் எதிர்வினை காட்டுகின்றன என்பதை 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூங்காவில் கண்ணாடியைத் தட்டுவது நமக்கு விளையாட்டு. பாம்புக்கு அது வீடே அதிரும் நடுக்கம்.

குடிபெயர்ப்பின் படிகள்

புதிய அடைப்பு எழுந்துவிட்டது என்பதாலேயே பாம்பை உடனே அங்கே கொண்டுபோய் விட்டுவிட இயலாது. அதற்குப் படிகள் உள்ளன.

முதலில் ஆளில்லாத வீடு ஆராயப்படும். விளக்குகளும் வெப்பமூட்டிகளும் பல நாள்கள் இயக்கப்பட்டு, பகலிலும் இரவிலும் வெவ்வேறு மூலைகளின் வெப்பம் அளக்கப்படும். தன் தலை நுழையும் இடைவெளி வழியே பாம்பு உடலையும் நுழைத்துவிடும் என்பதால் கதவிடுக்கு, காற்றுத்துளை, நீர்க்குழாய் வாய் ஆகியவை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கப்படும்.

வெளியிலிருந்து வந்த பாம்பு எனில், அது தனி அறையில் வைத்துக் குறைந்தது ஒரு மாதம் நோக்கப்படும். உண்ணி, குடற்புழு, நுரையீரல் நோய் ஆகியவை அப்போது கண்டறியப்படும். இதில் கவனக்குறைவு பெருங்கேட்டை விளைவிக்கும். ஆமைகளின் உடலில் தீங்கின்றி வாழும் ஒருவகை அமீபா, பாம்பின் குடலை அடைந்தால் அதன் உயிரையே குடித்துவிடும். ஆமைத் தொட்டியைக் கழுவிய வாளியோடு பாம்பின் அறைக்குள் நுழைவதுகூடப் பிழையாகிவிடும்.

இடம் மாற்றுவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே இரை நிறுத்தப்படும். வயிறு நிறைந்த பாம்பை அலைத்தால் அது இரையைக் கக்கும் என்பதே காரணம். நச்சில்லாப் பாம்பு மென்மையான பருத்திப் பையிலும், பின்னர்க் காற்றோட்டமுள்ள பெட்டியிலும் வைக்கப்படும். நச்சுப்பாம்பு எனில் கொக்கியும் ஒளிபுகும் குழாயும் பயன்படும். பாம்பின் தலைப்பகுதி குழாய்க்குள் நுழைந்தபின் நடுவுடலைப் பற்றினால் அது திரும்பிக் கடிக்க இயலாது. இப்பணியில் எப்போதும் இருவர் இருப்பர். எம்மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து உள்ளது என்பதையும் முன்னதாகவே உறுதிசெய்துகொள்வர்.

பழைய அடைப்பில் இருந்த மறைவுப் பெட்டி, மரத்துண்டு ஆகியவற்றில் ஒன்றையும் புதிய அடைப்பில் வைப்பது பயன்தரும். பாம்பு தன் பிளவுபட்ட நாவினால் காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களைச் சேர்த்து, மேலண்ணத்தில் உள்ள உறுப்பினால் அவற்றை அறிகிறது. அதற்கு உலகம் பெரிதும் மணத்தால் ஆனது. புதிய வீட்டில் பழகிய மணம் ஒன்று இருந்தால், புகுந்த இடத்தின் அச்சம் குறையும்.

அதன்பின் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருத்தல். சில நாள்கள் யாரும் தொடுவதில்லை, இரையும் இடுவதில்லை. பாம்பு முதலில் மறைவிடத்திலேயே கிடக்கும். பிறகு இரவில் வெளிவந்து சுவரோரமாக எல்லையைச் சுற்றி வரும். வெயில் முனையையும் நீரையும் கண்டுகொள்ளும். அது முதல் இரையை ஏற்கும் நாளில்தான் குடிபெயர்ப்பு நிறைவுற்றது என்று காப்பாளர் மூச்சுவிடுவார். ‘காசு கொடுத்து வந்தோம், பாம்பையே காணோமே’ என்று பார்வையாளர் முணுமுணுப்பதுண்டு. பாம்பு தன்னை மறைத்துக்கொள்ள முடிகிறது என்பதே அவ்வீடு நல்ல வீடு என்பதற்கான சான்று.

மண்பானையும் ஒரு வீடே

பரப்பைவிடப் பொருத்தமே முதன்மையானது என்பதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாம்பு பிடிப்பதில் தலைமுறை அறிவு பெற்ற இருளர் பழங்குடியினர், ஒருகாலத்தில் பாம்புத்தோல் வணிகத்தையே நம்பி வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1976ஆம் ஆண்டில் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வழியை அடைத்தன. 1978ஆம் ஆண்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இவர்கள் பிடித்து, நச்செடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்பதற்கு வழங்குகின்றனர். பிடித்த பாம்புகளை மணல் பரப்பிய மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். பானைக்குள் இருளும் தண்மையும் காற்றும் உள்ளன. புற்றின் இயல்பை அது ஓரளவு பெற்றிருக்கிறது. ஆயினும் அதுவே பாம்பின் நிலையான வீடன்று. ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் சிலமுறை நச்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர். அவ்வடையாளம் மறையும் முன் மீண்டும் அகப்படும் பாம்பைப் பிடிப்பதில்லை. எத்துணைச் சிறந்த பானையும் தங்குமிடமே, தாயகம் ஆகாது என்பதை இம்மக்களின் நடைமுறை உணர்த்துகிறது.

செல்லப் பாம்புகள் தரும் பாடம்

இன்று வெளிநாட்டுப் பாம்புகளைச் செல்லமாக வளர்க்கும் ஆசை நகரங்களில் பரவிவருகிறது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை வானூர்தி நிலையத்தில் உரிமை கோருவாரின்றிக் கிடந்த பயணப் பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட பந்து மலைப்பாம்புகள் உள்ளே இருந்தன. ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்கு உரிய இனம் அது. யாரோ ஒருவருடைய அறையில் அழகுப்பொருளாக இருப்பதற்காக அவை பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருந்தன.

இத்தகைய ஆசை எங்கே முடியும் என்பதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் காட்டுகிறது. செல்லமாக வளர்க்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், வளர்க்க இயலாதவர்களால் கைவிடப்பட்டும் எவர்கிளேட்சு சதுப்பு நிலத்தில் பெருகின. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, மலைப்பாம்புகள் நிலைகொண்ட பகுதியில் ரக்கூன் என்னும் சிறு பாலூட்டி கண்ணிற்படுவது 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டது. செல்லமாக வந்த விருந்தாளி, ஒரு நிலத்தின் கருப்பொருளையே விழுங்கிவிட்டது. 2017ஆம் ஆண்டில் அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர். அயல்நாட்டுக் கருவிகள் தடுமாறிய இடத்தில், தரையில் கிடந்த தடத்தைப் படித்து அவர்கள் பாம்புகளைக் கண்டனர். 2023ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பதோ விற்பதோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இச்சட்டத்தை மீறி அதிகம் கடத்தப்படுவது மண்ணுளிப் பாம்பு. வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால், அதனை ‘இருதலைப் பாம்பு’ என்றும், வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்றும் கட்டிவிட்ட கதையே அதற்குப் பகையாயிற்று. அதற்குத் தலை ஒன்றே. பகைவரை ஏமாற்றுவதற்காக இயற்கை அளித்த வாலைக்கொண்டு, மனிதர் மனிதரை ஏமாற்றுகின்றனர்.

மீண்டும் கரிசலுக்கு

உயிரியல் பூங்காவின் வல்லுநர்கள் கருவிகொண்டு அமைக்கும் வெயில் முனையும் நிழல் முனையும், இரு மறைவிடங்களும், புதைய மண்ணும், ஊர்ந்து செல்ல நீண்ட வெளியும் இடைசெவலின் புஞ்சையில் இயல்பாகவே அமைந்துள்ளன. காலையில் பொழியின் மேல் வெயில், நண்பகலில் வெடிப்புக்குள் நிழல், மழைநாளில் புற்று, அறுவடைக்குப்பின் படப்பு. பூங்கா எவ்வளவு முயன்றாலும் இதன் நகல் ஒன்றையே ஆக்க முடியும். பொழிகளை அழித்து, புற்றுகளை இடித்து, புதர்களைத் தீயிட்டுக் கொளுத்தும்போது நாம் தகர்ப்பது அந்த மூலப்படியையே. வீடிழந்த பாம்பு எலியைத் தொடர்ந்து நம் வீட்டிற்கு வருகிறது.

அச்சத்திற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் இறப்பதாக 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. இறப்பவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்வோர். வெறுங்காலோடு களையெடுப்பவரும், இருளில் காட்டுக்குக் காவல் செல்பவரும், தரையில் படுத்துறங்குபவருமே இந்த இடரை மிகுதியாகச் சுமக்கின்றனர். அவர்களைக் காக்கும் வழியும் பாம்பின் வாழிடத்தை அறிவதிலிருந்தே தொடங்குகிறது. படப்பையும் விறகுக் குவியலையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதிருத்தல், தானியத்தை எலி அண்டாமல் வைத்தல், இரவில் கைவிளக்கோடு நடத்தல், புல் அறுக்கும்போது கோலால் தட்டிவிட்டுக் கை வைத்தல், கட்டிலிலோ கொசுவலைக்குள்ளோ உறங்குதல் ஆகியவை எளியவை, உயிர் காப்பவை. கடி நேர்ந்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியுள்ளது. இதனால் மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்து தெரிவிக்கின்றன.

வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் விலகி நின்று, அதன்மேல் கண்வைத்து, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிப்பதே முறை. அவர்கள் அதைப் பிடித்துச் சென்று காட்டில் விடுவார்கள். அடுத்த கோடையில் கரிசல் மீண்டும் வெடிக்கும். அந்த வெடிப்பின் ஓரமாக நடக்கும்போது காலடியைப் பார்த்து நடப்போம், கம்பைத் தேடாதிருப்போம். நம் காலடியில் இருப்பது ஒருவர் குடியிருக்கும் வீடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பாம்புகளுக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை வாழும் இடங்களோடு அட்டவணைப்படுத்துக.

2. பாம்பு பற்றிய நம்பிக்கைகளுள் ஐந்தனை எழுதி, அவற்றின் உண்மைத்தன்மையை வகுப்பில் கலந்துரையாடுக.

3. சுருட்டை விரியனுக்கும் பச்சைப்பாம்புக்கும் ஏற்ற அடைப்புகளைப் படமாக வரைந்து, வேறுபாடுகளைக் குறிப்பிடுக.

குறுவினா

1. பாம்பு புற்றை நாடுவதற்கான காரணம் யாது?

2. ‘கட்செவி’ – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா

1. பாம்பின் அடைப்பில் இரு மறைவிடங்கள் அமைக்கப்படுவதன் தேவையை விளக்குக.

2. புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகியதால் விளைந்த கேட்டினை எழுதுக.

நெடுவினா

‘இடத்தின் பரப்பைவிடப் பொருத்தமே முதன்மையானது’ என்னும் கருத்தைக் கட்டுரைவழி நிறுவி, அது உங்கள் ஊரின் நிலத்துக்குப் பொருந்துமாற்றை விளக்குக.